147573952589676412927 பகா எண்ணா, இல்லையா?

எண்விரும்பி:
தலைப்பில் இருப்பது 2^67 − 1, மொத்தம் 21 இலக்கம். இதை ம என்று வைத்துக்கொள்கிறேன். பகா எண்ணா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனையைப் பைத்தானில் போட்டேன், 2^(ம−1)ஐ ம ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது, பகா எண் என்றால் அப்படித்தான் வர வேண்டும். அதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையும் 2ஐ வைத்தே போட்டேன், அதிலும் தேறிவிட்டது. ஆனால் காரணிப்படுத்தும் நிரல் ஒன்று இதைப் பகு எண் என்கிறது. எதை நம்புவது? வர்க்கமூலமே 1,200 கோடிக்கு மேல் போகிறது, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கப் பொறுமை இல்லை.

காரணிதேடி:
பகு எண்தான். இப்படி 2இன் அடுக்கில் 1 குறைந்த எண்ணை மெர்சென் எண் என்பார்கள், அதனிடம் 2ஐக் கொண்டுபோய்க் கேட்டால் அது ஆமாம் சாமி மட்டும்தான் போடும். 2^67 என்பது ம + 1, அதனால் ம ஆல் வகுத்தால் மீதி 1, அடுக்கு 67இன் எந்த மடங்காக இருந்தாலும் அதே மீதிதான். இப்போது ம−1ஐப் பாருங்கள்: 2^67 − 2. 67 பகா எண் என்பதால் ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அது 67 ஆல் வகுபடும், அதில் பாதியான 2^66 − 1உம் வகுபடும், ஆகவே இரண்டு சோதனையும் தானாகவே தேறிவிடும். 2க்குப் பதில் 3 போடுங்கள், 1 வராது.

பழையகணக்கு:
லூக்காஸ்-லேமர் சோதனை இதைவிட உறுதியானது. 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2ஐக் கழித்து ம ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள்ளுங்கள், இப்படி 65 தடவை. கடைசியில் 0 வந்தால் பகா எண், இல்லாவிட்டால் பகு எண், நடுவில் சந்தேகத்துக்கே இடமில்லை. எந்த அடுக்குகளுக்கு இத்தகைய எண் பகா எண் ஆகும் என்று மெர்சென் 1644இல் போட்ட பட்டியலில் 67ஐயும் சேர்த்திருந்தார், 1876இல் லூக்காஸ் அதைத் தவறு என்று காட்டினார், அதுவும் ஒரு காரணிகூடத் தெரியாமல். காரணிகளை 1903இல் ஃபிராங்க் நெல்சன் கோல் சொன்னார்: 193707721 × 761838257287. கூட்டத்தில் வாய் திறக்காமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், எனக்கென்னவோ லூக்காஸ் செய்ததுதான் பெரிய வேலை.

எண்விரும்பி:
3 போட்டேன், 1 வரவில்லை. சரி, அந்தக் காரணியைக் கணினியில் நானே தேடிப் பிடிக்க முடியுமா?

காரணிதேடி:
தாராளமாக. கோலின் வழி வேறு, இன்றைய கணினிக்கு இது போதும்: இதன் பகாக் காரணி எதுவானாலும் 134க + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (க ஒரு முழு எண்), மேலும் 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. அதனால் ‘க’வை 4 ஆல் வகுத்து மீதி 0 அல்லது 1 வருபவற்றை மட்டும் பாருங்கள். க = 1445580இல் சிக்கிவிடும், அதற்குள் சுமார் 7.2 லட்சம் எண்களைத்தான் சோதிக்க வேண்டியிருக்கும். 2^67ஐ அந்த எண் ஒவ்வொன்றாலும் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்த்தால் போதும், சில நொடி வேலை.