எழுத்தும் சக்கரமும் இல்லாத இன்காக்களை நாகரிகச் சமூகம் எனலாமா?

கேள்வி:
நகரச் சமூகத்தின் அடையாளங்களாகத் தொல்லியலாளர் கார்டன் சைல்டு 1950இல் பத்தினை முன்வைத்தார். எழுத்து அவற்றுள் ஒன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைநாட்டை ஆண்ட இன்காக்களிடம் நகரமும் அரசும் பெருங்கட்டடங்களும் இருந்தன. எழுத்தோ, இரும்போ, சக்கர வண்டியோ இல்லை. அவ்வாறிருந்தும் எகிப்தியரோடும் சுமேரியரோடும் அவர்களை ஒரே வரிசையில் வைக்கிறோம். இது விதிவிலக்கா, அல்லது அளவுகோலே பிழையானதா?

மறுமொழி 1:
அளவுகோல்தான் பிழை என்பேன். சுமேரியாவில் எழுத்து பிறந்தது பெரும்பாலும் தானியக் கணக்குக்காகவே. அதே வேலையை இன்காக்கள் ‘கீப்பு’ என்னும் முடிச்சுக் கயிறுகளைக் கொண்டு செய்தார்கள். அம்முடிச்சுகள் பதின்ம இடமதிப்பில் எண்களைக் குறிப்பதை ஆய்வாளர் லேலண்ட் லாக் 1912இல் விளக்கினார். வெற்றிகொண்ட ஸ்பானியர்களின் நீதிமன்றங்களே கீப்புக் கணக்கைச் சான்றாக ஏற்றிருக்கின்றன. சக்கரத்தைப் பொறுத்தவரை, வண்டியிழுக்க மாடோ குதிரையோ இல்லாத, படிக்கட்டுகளாக ஏறி இறங்கும் மலைப்பாதையில் அதனால் என்ன பயன்? ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீண்ட அந்தச் சாலைகளில் மனிதரும் லாமா என்னும் விலங்குகளுமே சுமை சுமந்தனர். பள்ளத்தாக்குகளைப் புல்கயிற்றுப் பாலங்கள் இணைத்தன.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் அவை நிர்வாகத் திறமைக்கு மட்டுமே சான்று. சாலையோரக் களஞ்சியங்களை நிரப்பியது ‘மித்தா’ என்னும் கட்டாய உழைப்பு. அவை முதலில் படைகளுக்குத்தான் சோறிட்டன. அடங்க மறுத்த மக்கள் தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். 1999இல் யுயையாக்கோ மலையுச்சியில், 6,700 மீட்டருக்கும் மேலே, பலியிடப்பட்ட மூன்று பிள்ளைகளின் உறைந்த உடல்கள் கிடைத்தன. அந்த முகங்களைப் படத்தில் பார்த்த பிறகு, நாகரிகம் என்பதைப் பாராட்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தும் சக்கரமும் கொண்டு வந்த ஸ்பானியர்களுக்கும் இதுவே பொருந்தும்: மீட்புப் பொன்னைப் பெற்றுக்கொண்ட பின்பும் 1533இல் தாங்கள் சிறைபிடித்த இன்கா அரசர் அதவால்பாவைக் கொன்றார்கள், அதே மித்தாவைக் கையிலெடுத்து, பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆட்களை அனுப்பினார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் சைல்டின் பட்டியல் ஒரு சமூகம் எவ்வளவு பெரிதாக அமைந்தது என்பதை மட்டுமே அளக்கிறது. அங்கு எளியவர் எப்படி நடத்தப்பட்டார் என்பது அதில் இடம்பெறவே இல்லை.

மறுமொழி 1:
ஆம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கீப்புகள் அனைத்தும் எண் முறைக்குள் அடங்குவதில்லை. எஞ்சியவை பெயர்களையோ வரலாற்றையோ பதிந்தவையா என்னும் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது, ‘எழுத்தில்லாதவர்கள்’ என்ற தீர்ப்பையும் சற்று நிறுத்திவைப்பதே முறை.