மறு: தூண்டு மின்னோட்டமா, தூண்டல் மின்னோட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பயிற்சித்தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. சுருளருகே காந்தத்தை அசைக்கும்போதோ பக்கத்துச் சுருளின் மின்னோட்டத்தை மாற்றும்போதோ சுருளில் எழும் மின்னோட்டத்துக்கு (induced current) அதில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்பதுதான் நம் குழுவின் கேள்வி. அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

‘தூண்டு மின்னோட்டம்’ வினைத்தொகை, குடிநீரைப் போல, தூண்டப்படுவது என்று பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள் என்கிறார் நம் குழுவின் ஐயா. சரி, ஆனால் ஓடுநீரும் வினைத்தொகைதான். குடிநீர் நாம் குடிக்கும் நீர், ஓடுநீர் தானே ஓடும் நீர். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து முதல் சுருளின் மின்னோட்டத்தை மாற்றினால் அது தூண்டுகிறது. இரண்டாவதில் எழுவது தூண்டப்படுகிறது. இந்தச் சொல் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறதே! ‘திண்ணை மெழுகிற்று’ (மெழுகப்பட்டது என்பதே பொருள்) என்ற தொல்காப்பிய உரைக்காட்டு இங்கே உதவாது. திண்ணை எதையும் மெழுகாது என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் சுருளோ உண்மையிலேயே தூண்டும்.

விளக்குத் தூண்டுகோலிலிருந்து சொல்லின் வேரைப் பிடித்த மடலை இரண்டு முறை படித்தேன். ஒரு வேறுபாடு மட்டும்: கோலை எடுத்த பிறகும் சுடர் நிற்கும். அசையும் காந்தம் நின்றால், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் உடனே பூச்சியத்துக்குத் திரும்பிவிடும்.

அப்புறம் லென்ஸ் விதி, தூண்டப்படும் மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடும் என்பதைச் சொல்வது. போன ஆண்டு ஒரு மாணவி இதற்குக் குவிலென்சு படம் வரைந்து வைத்திருந்தாள். இலங்கையில் கண்ணாடி லென்சை வில்லை என்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. தனித்தமிழ் அன்பர் சொல்வதுபோல ‘இலென்சு’ என்று எழுதினாலும் இரண்டும் இலென்சுதான். பெயரை விட்டு வெறும் ‘எதிர்ப்பு விதி’ என்றால் எதை எதிர்க்கிறது? வடமுனை நெருங்கும்போது சுருளின் அந்த முகம் வடமுனையாகித் தள்ளும். விலகும்போது தென்முனையாகி இழுக்கும். இழுப்பது எப்படி எதிர்ப்பாகும் என்று வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். எதிர்க்கப்படுவது காந்தப்பாயத்தின், அதாவது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் அளவின், மாற்றம். ஆகவே ‘மாற்றமெதிர் விதி’ என்கிறேன். 1834இல் இதைச் சொன்ன ஹைன்ரிக் லென்ஸின் பெயரை விட எனக்கு மனமில்லை. முன்னால் அதுவும் இருக்கட்டும்.

மின்னோட்டத் திசையைக் குறிக்கும் வலஞ்சுழி (கடிகார முள் சுற்றும் திசை), இடஞ்சுழி (அதற்கு எதிர்த்திசை) என்ற சொற்களில் சண்டை இல்லை. ‘காந்தம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கையில்’ என்பதைச் சேர்த்துவிடுகிறேன். அது இல்லாவிட்டால் நெருங்கும் வடமுனைக்கு இடஞ்சுழி என்ற விடையே தவறாகிவிடும்.

நான்கு பேர் ‘தூண்டல் மின்னோட்டம்’ போதும் என்றுவிட்டதால் தாளில் அதையே போடுகிறேன். தூண்டல் என்றாலும் தூண்டியது எது, தூண்டப்பட்டது எது என்ற ஐயம் தீரவில்லை என்று ஐயா நேற்றிரவு எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிறு மாலைக்குள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.