யூஎக்ஸ் மேலாளர்களின் சிக்கல்களை ஆராய்வது எப்படி? வழிகாட்டல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த நான் மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கோயம்புத்தூர், கொச்சி காக்கநாடு, திருவனந்தபுரம் ஆகிய இடங்களின் மென்பொருள் நிறுவனங்களில் யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) குழுக்களுக்குப் பொறுப்பேற்றிருப்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களே என் ஆய்வுப் பொருள். பயனர் அனுபவம் குறித்த எழுத்துகளில் பெரும்பகுதி திரை வடிவமைப்பைப் பற்றியே பேசுகிறது. ஆள் எடுப்பதற்கும் நிதி பெறுவதற்கும் தம் குழுவின் ஆய்வு முடிவுகளை மேலிடத்தின் காதில் விழச் செய்வதற்கும் அன்றாடம் போராடுபவரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதே இத்தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

முன்னோட்டமாகச் சிலரிடம் நேர்காணல் செய்தேன். 'நீங்கள் சந்திக்கும் சிக்கல்கள் எவை?' என்று கேட்டால், நேரம் போதவில்லை, ஆள் போதவில்லை, வடிவமைப்பின் மதிப்பை நிர்வாகம் உணர்வதில்லை என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கிறார்கள். இணையவழி வினாப்பட்டியல் ஒன்றைப் பரவலாக அனுப்பி எண்களைத் திரட்டிவிடலாம் என்கிறார் என் நெறியாளர். அது சரியான வழியா? நேர்காணலைத் தொடர்வதென்றால் எத்தனை பேரைச் சந்திக்க வேண்டும்?

காக்கநாட்டு மேலாளர்:

சித்தூர் தாலுகாவில் பிறந்து காக்கநாட்டில் யூஎக்ஸ் குழு ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்குக் கிடைத்த பதில்கள் பொய்யல்ல. ஆனால் அவை மேடையிலும் கூட்டத்திலும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில்கள். உண்மையான சிக்கல் அவற்றுக்கு ஓரடி கீழே இருக்கிறது.

எங்கள் பகுதி நிறுவனங்களில் பல, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்பவை. செயலியைப் பயன்படுத்துபவர் வேறொரு நாட்டில் இருப்பார். அவரைச் சந்திக்க வாடிக்கையாளர் நிறுவனம் அனுமதிக்காது. ஆயினும் அவருடைய அனுபவத்துக்கு மேலாளர்தான் பொறுப்பு. தான் ஒருமுறைகூடப் பேசாத பயனரின் சார்பில் வாதாடும் ஒருவரின் சொல் கூட்டத்தில் எவ்வளவு எடுபடும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். சொந்தத் தயாரிப்பு வைத்திருக்கும் நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே பயனர் எட்டும் தூரத்தில் இருக்கிறார்; ஆனால் யூஎக்ஸ் குழு பெரும்பாலும் பொறியியல் தலைவருக்கோ தயாரிப்பின் போக்கை முடிவு செய்யும் புராடக்ட் தலைவருக்கோ கீழே இருப்பதால், வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது பயனர் ஆய்வுதான். இவ்விரு வகையினரையும் 'நேரம் போதவில்லை' என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டால் உங்கள் ஆய்வில் ஒன்றுமே மிஞ்சாது.

நல்ல டிசைனராக இருந்ததற்காக மேலாளர் ஆக்கப்பட்டவரின் நிலையையும் தவறாமல் கேளுங்கள். கையால் வரைந்து தேறியவர் இப்போது சம்பள உயர்வு, ராஜினாமா, இரு டிசைனர்களுக்கிடையேயான மனக்கசப்பு ஆகியவற்றிலேயே நாளைக் கழிக்கிறார். அதற்கான பயிற்சியை அவருக்கு யாரும் அளித்ததில்லை. இதைத் தனிமையில்தான் சொல்வார்கள்.

ஆகவே 'சிக்கல் எது?' என்று கேட்காதீர்கள். 'நீங்கள் எதிர்த்தும் வெளியாகிவிட்ட ஒரு முடிவைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், மறுநாள் உங்கள் குழுவிடம் என்ன சொன்னீர்கள்?' என்று கேளுங்கள்.

ஆய்வுமுறை ஆசிரியர்:

மேலே நண்பர் சொன்ன கேள்விமுறைக்கு ஆய்வுலகில் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையினரை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் ஃபிளனகன், பொதுக் கருத்துகளைக் கேட்பதைவிட, பணி சிறப்பாக நடந்த அல்லது பிசகிய குறிப்பிட்ட நிகழ்வுகளை விவரிக்கச் செய்வதே பயன் தரும் என்று கண்டு, 1954இல் அதை ஒரு முறையியலாகவே வகுத்து வெளியிட்டார். உங்கள் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. வினாப்பட்டியலின் குறை என்னவென்றால், நீங்கள் முன்பே எழுதிவைத்த விடைகளுக்குள்தான் அது மக்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். என்னென்ன சிக்கல்கள் உள்ளன என்பதே தெளிவாகாத நிலையில் அதை அனுப்புவது வீண். நேர்காணலில் கிடைத்தவற்றின் பரவலை அளக்கப் பிற்பாடு அது உதவும் என்று உங்கள் நெறியாளரிடம் சொல்லுங்கள்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கானா, நைஜீரியா நாடுகளில் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து கெஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரை, முதல் 12 நேர்காணல்களிலேயே புதிய கருத்துகள் வருவது பெரும்பாலும் நின்றுவிட்டதாகக் காட்டியது. ஆனால் அவர்கள் சந்தித்தவர்கள் ஓரளவு ஒரே தன்மையினர். உங்களுடையதில் சேவை நிறுவனம், தயாரிப்பு நிறுவனம் என இரு குழுக்கள் இருப்பதால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக, புதிய கருத்து எதுவும் வராத அந்த நிறைவு நிலை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு நிறுவனம் யூஎக்ஸ் பணியை எவ்வளவு முதிர்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு யூஎக்ஸ் துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எட்டு நிலைகளை வகுத்தார். அவர் இணைந்து நிறுவிய நிறுவனம் 2021இல் அதை ஆறு நிலைகளாகத் திருத்தியது. அப்பட்டியலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும், யூஎக்ஸ் குழுவே புதிதாக அமைந்த நிறுவனத்தில் எழும் 'நிர்வாகம் கேட்பதில்லை' என்ற குறைக்கும், பல ஆண்டுகளாக அக்குழு இயங்கும் நிறுவனத்தில் எழும் அதே குறைக்கும் காரணங்கள் வேறு வேறு. ஒவ்வொரு நேர்காணலோடும் அந்த நிறுவனத்தின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாளையாறு வாசகி:

சகோதரி, ஒரு முக்கியமான எச்சரிக்கை. கோவைக்கும் கொச்சிக்கும் இடைப்பட்ட இந்தத் துறை வட்டம் மிகச் சிறியது. பெயரை மாற்றினாலும், 'மருத்துவச் செயலி செய்யும் நிறுவனத்தில் குழுவை நடத்தும் பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்' என்று நீங்கள் எழுதினால் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊர், பாலினம், தயாரிப்பு ஆகிய மூன்றையும் ஒரே மேற்கோளுக்கு அருகில் வைக்காதீர்கள். மனிதவளத் துறை வழியாக ஆட்களைப் பெறவும் வேண்டாம். அப்படி வருபவர்கள் அலுவலகத்துக்கு உகந்ததை மட்டுமே பேசுவார்கள். சந்திப்பை அலுவலகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். எல்லைப் பகுதியில் நாம் அலுவலகத்தில் ஆங்கிலமும் மலையாளமும் பேசி வீட்டில் தமிழுக்குத் திரும்புகிறவர்கள். நான் செய்த நேர்காணல்களில் ஆங்கிலத்தில் வேலைமுறையை விளக்கியவர்களே, தமிழுக்கோ மலையாளத்துக்கோ மாறியதும் மனிதர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பதிவைப் பேசிய மொழியிலேயே எழுத்தாக்கிப் பகுப்பாய்வு செய்யுங்கள். ஆங்கிலமாக்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. நிகழ்வைக் கேட்கும் முறைக்கு ஏற்ப வினாக்களை மாற்றி எழுதுகிறேன். மேலாளரோடு அவருடைய குழுவின் டிசைனர் ஒருவரையும் சந்திக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரிந்துவிடும் ஆபத்து இருக்கிறதல்லவா?

ஆய்வுமுறை ஆசிரியர்:

இருக்கிறது. ஒரே குழுவைச் சேர்ந்த இருவரைச் சந்திக்காமல், வேறு வேறு நிறுவனங்களின் டிசைனர்களைத் தனித் தொகுதியாகச் சந்தியுங்கள். மேலாளர் சொன்ன நிகழ்வைச் சரிபார்ப்பது உங்கள் நோக்கமன்று. அத்தகைய முடிவுகள் கீழிருந்து பார்க்கும்போது எப்படித் தெரிகின்றன என்பதுதான் உங்களுக்குத் தேவை. வேலையை விட்டு விலகிய முன்னாள் மேலாளர்களிடமிருந்து தொடங்கினால் அவர்களால் சற்றுத் தயக்கமின்றிப் பேச முடியும்.