பேச்சுப் போட்டிக்கு எங்கட பக்கத்து வீரப் பெண் ஒருத்தி வேண்டும்

ஆரையம்பதி அம்மா:
மகள் தரம் 9. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு "வீரப் பெண்கள்" என்று தலைப்பு. வகுப்பில் ஆறு பேர் பேசுகிறார்களாம். நாலு பேர் ஜான்சி ராணி, ஒருவர் வேலு நாச்சியார், ஒருவருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்த ஒருவர்தான் என்னுடைய மகள்.

எங்கட மட்டக்களப்பு மண்ணோடு ஒட்டிய ஆளாக இருக்கட்டும் என்று கண்ணகியைச் சொன்னேன். அங்கேதான் வினை. எங்கட அம்மா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவ அம்மன் கா! மேடையில ஏறிப் பேசுற ஆளா?" என்றா. மகளுக்கு வேறு கதை: "ஒரு ராசா விட்ட பிழைக்கு ஊரையே எரிச்சது வீரமா அம்மா?" இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை. போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள். யாராவது உதவுங்கள்.

கல்லடிப் பொடியன்:
அக்கா, வேலு நாச்சியாரையே பேச விடுங்களேன். 1772 இல் காளையார்கோவிலில் கணவனை இழந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780 இல் சிவகங்கையை மீட்டவ. ஆண்டுக் கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கு, நடுவர் கேள்வி கேட்க மாட்டார்.

காரைதீவான்:
தங்கச்சி, அம்மா சொன்னதில் பிழை இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்தி (அம்மனைக் குளிர வைக்கும் சடங்கு) முடியும் வரை எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) ஏறாது. அவவின் பெயரை எடுத்தாலே எங்கட ஆச்சி குரலைத் தாழ்த்திவிடுவா.

ஆனாலும் மகள் பேசலாம். சின்ன வயதில் பெரியப்பா வழக்குரை (கண்ணகி கதையைச் சொல்லும் ஏடு) படிக்கும்போது பக்கத்தில் இருந்து விளக்குக்கு எண்ணெய் விடுவது என் வேலை. பாதி இரவில் தூங்கி விழுந்து குட்டும் வாங்கியிருக்கிறேன். அப்போது விளங்காத ஒன்று இப்போது விளங்குகிறது. அந்த ஏட்டுக்கு மதுரை எரித்த கதை என்று பெயர் வைக்கவில்லை, கண்ணகி வழக்குரை என்றுதான் வைத்திருக்கிறார்கள். எங்கட ஆட்களுக்கு அவ வழக்குப் பேசியதுதான் பெரிதாகப் பட்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்நிய ஊர், புருசன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான், துணைக்கு ஒருவரும் இல்லை. கையில் ஒற்றைச் சிலம்பு. நேரே அரண்மனை வாசலுக்குப் போய் "தேரா மன்னா" என்கிறா. விசாரிக்கத் தெரியாத அரசனே என்று முகத்துக்கு நேரே! அதற்குப் பிறகும் அழுது புலம்பவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றா. அரசியின் சிலம்பில் முத்து. கோவலனிடம் பறித்த சிலம்பை அரசனே வரவழைத்து வைக்க, அதை உடைத்தா. மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. இதைவிடத் திறமான அப்புக்காத்து (வழக்கறிஞர்) உண்டா? (எங்கட வழக்குரையில் அந்தப் பரல் நாகமணி. அதை எடுக்கக் கடல் கடந்து போன மீகாமன் என்ற கப்பல் தலைவன் வெடியரசன் என்ற அரசனோடு மோதியதைக் கடலோட்டு காதை என்று தனியாகப் படிப்பார்கள். மகளுக்கு நேரம் இருந்தால் ஒரு வரி சேர்க்கட்டும்.)

மகளின் கேள்வி நல்ல கேள்வி. அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகளை விட்டுவிடு என்று கண்ணகி தீயிடம் சொன்னதாகச் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அதைச் சொல்லித் தப்பலாம். எனக்கு அது போதவில்லை. ஊருக்கும் போதவில்லை போல. எரித்தவளைப் புகழ்ந்து விட்டுவிடாமல், ஆண்டுதோறும் அவவின் சூடு ஆற வேண்டும் என்று குளிர்த்தி பாடுகிறார்கள். மகள் தீயில் தொடங்க வேண்டாம், சபையில் தொடங்கட்டும்.

நான் தென்சேரி. கொம்பு முறிப்பில் (ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து கொம்பு இழுக்கும் கோயில் விளையாட்டு) கண்ணகி பக்கம். வடசேரியார் கோவலனுக்காகப் பேச வந்தால் வரட்டும்.

வாவிக்கரை:
ஆரையம்பதியில் இருந்துகொண்டு உலகநாச்சியை விட்டுவிட்டீர்களே! மண்முனைத் துறை உங்களுக்குப் பக்கம்தானே. 2014 இல் பாலம் திறக்க முன்னர் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறித்தான் கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போவோம். மட்டக்களப்பு மான்மியத்தின்படி (எங்கட ஊர்களின் பழங்கதை சொல்லும் நூல்) உலகநாச்சி கலிங்கத்து இளவரசி. தம்பி உலகநாதனோடு புத்தரின் தந்தத்தை (பல்லை) கொண்டுவந்து இலங்கை அரசன் மேகவர்ணனிடம் கொடுத்து, மண்முனையைப் பெற்று, குடிகளை வைத்து ஆண்டவ. சிங்கள மரபில் தந்தத்தைக் கூந்தலில் ஒளித்துக் கொண்டுவந்தவளின் பெயர் ஹேமமாலா. ஆகவே "வரலாறு" என்று அடித்துச் சொல்லாமல் "மான்மியம் சொல்கிறது" என்று மகள் பேசினால் நடுவரால் மடக்க முடியாது. வாளைத் தூக்கினால்தான் வீரமா? காடு வெட்டி ஊர் ஆக்கினவவையும் சேருங்கள்.

பாண்டிருப்பு ரீச்சர்:
காரைதீவு அண்ணன் சபையைச் சொன்னதும் எனக்கு எங்கட திரௌபதை அம்மன்தான் வந்தா. கல்முனை தாண்டினால் பாண்டிருப்பு. 18 நாள் திருவிழா, வனவாசம், கடைசியில் தீமிதிப்பு. எல்லாரும் விரித்த கூந்தலையும் சபதத்தையும்தான் பேசுவார்கள். அதற்கு முதல் அவ ஒரு கேள்வி கேட்டா: தருமர் தன்னைத் தோற்ற பிறகா என்னைப் பணயம் வைத்தார்? தானே அடிமையானவருக்கு என்னை வைக்க ஏது உரிமை? அந்தச் சபையில் வீடுமரே (பீஷ்மரே) தடுமாறினார்.

ஒரே கடற்கரை வீதியில் இரண்டு கோயில். இரண்டிலும் இருப்பவ அரசசபையில் நின்று நியாயம் கேட்ட பெண். இருபது வருடம் படிப்பிக்கிறேன், இன்றுதான் இது எனக்கே உறைத்தது. மகளுக்கு இதுவே மூன்று நிமிடத்துக்குக் காணும். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது. உலகநாச்சியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆரையம்பதி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மகள் ரீச்சர் சொன்ன இரண்டு சபையையும் எடுத்துக்கொண்டாள். "தேரா மன்னா" என்று காலையில் இருந்து கோழிகளைப் பார்த்துக் கத்துகிறாள். சேவல் கொல்லைக்குள் போய்விட்டது. வாவிக்கரை, உங்களுக்காக உலகநாச்சிக்கு ஒரே ஒரு வசனம் தருகிறாளாம்.

எங்கட அம்மாவிடம் காரைதீவு அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா சொன்னா: "சரி, பேசட்டும். பேசிட்டு வந்த உடனே வாசலில நிற்கச் சொல்லு. வேப்பிலைத் தண்ணி தெளிச்சிட்டுத்தான் உள்ளுக்க எடுப்பன்."