ஒழுங்கை முனையில் வைன் ஸ்டோர்ஸ்: பெட்டிசத்தில் கையெழுத்துப் போடுவதா?

மூலைவீட்டுக்காரி:
கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த பேக்கரியை மூடிவிட்டார்கள், அந்த இடத்துக்கு வைன் ஸ்டோர்ஸ், அதாவது சாராயக்கடை, வருகிறதாம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்று பக்கமும் சேர்ந்து மதுவரித் திணைக்களத்துக்குப் பெட்டிசம் எழுதியிருக்கிறார்கள். 'இடத்தின் புனிதம் கெடும்' என்பதுதான் முதல் வரி. நான் போட்டுவிட்டேன், நீங்கள்?

அரைப்போத்தல்:
நான் போடவில்லை அக்கா. முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைக்கிற குடும்பம் எங்களுடையது, எந்தப் புனிதத்தைச் சொல்கிறீர்கள்? போயாவுக்கு, அதுதான் பௌர்ணமி விடுமுறைக்கு, கடை பூட்டுகிறார்கள், சரி, முதல் நாள் பின்னேரம் அந்தக் கியூவைப் பாருங்கள். மதத்தையும் பண்பாட்டையும் காட்டித் தடுக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று 2018 ஜனவரியில் பார்த்தோமே: பெண்களும் மதுபானம் வாங்கலாம் என்று அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி போட்டார், சில நாளிலேயே ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார்.

மூலைவீட்டுக்காரி:
தம்பி, அந்த விஷயத்தில் நானும் மங்கள பக்கம்தான். ஆனால் முன்பு இருந்த வீட்டுக்கு எதிரிலேயே ஒரு கடை. காலையில் கேற்றைத் திறந்தால் கடலை சுற்றிய பேப்பர், உடைந்த கால்போத்தல், மதிலோரம் மூத்திர வாடை, தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் வெயில் ஏற ஏறத் திரும்ப எழும்பும். மகள் டியூஷன் முடிந்து ஏழரைக்கு வரும்போது மறுபக்கம் கடந்து, எங்கள் கேற்றையும் தாண்டிப் போய்த்தான் திரும்பி வருவாள். நாங்கள் பெண்கள் ஒன்பது பேர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ஒரு பதிலும் வரவில்லை. ஐயரும் ஃபாதரும் மௌலவியும் கையெழுத்து வைத்தால்தான் ஃபைல் மேசைக்கே வருகிறது, நான் என்ன செய்ய?

இரண்டாம் மாடி:
வழிபாட்டிடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இவ்வளவு தூரம் என்று மதுவரி விதியிலேயே இருக்கிறது, புனிதம் எதற்கு? ஒழுங்கை வழியாக நடந்து அளப்பதா, கூரைக்கு மேலால் நேராக அளப்பதா என்பதில்தான் சண்டை வரும். அரசியல்வாதிகளின் சிபாரிசில் அனுமதிப்பத்திரம் போன கதையை 2024 தேர்தல் நேரம் முழுக்கப் பேசினோமே, அளவு நாடா பிடிக்கிறவரும் அதே ஊரில்தான் இருக்கிறார்.

அரைப்போத்தல்:
அப்படியென்றால் மூத்திரத்தை எழுதுங்கள் அக்கா, ஏழரை மணியை எழுதுங்கள், 21 வயதுக்குக் குறைந்தவனுக்கு விற்றால் யார் பிடிப்பது என்று கேளுங்கள், அந்தத் தடை 2006ஆம் ஆண்டுப் புகையிலை, மதுசாரச் சட்டத்திலேயே இருக்கிறது. 'புனிதம்' என்று மட்டும் எழுதினால் கடை நாலு ஒழுங்கை தள்ளிப் போகும், அங்கே உள்ள பிள்ளை கேற்றைத் தாண்டி நடக்கும். முழுக்க நிறுத்தினால் கள்ளச்சாராயம் காய்ச்சுகிற கசிப்புக்காரனுக்குக் கொண்டாட்டம், அவனுக்கு லைசன்ஸும் இல்லை போயாவும் இல்லை.

மூலைவீட்டுக்காரி:
இன்று பின்னேரம் கோயிலில் கேட்டுப் பார்த்தேன். முதல் பந்தியை எடுக்க மாட்டார்களாம், மற்றதை இரண்டாவதாகச் சேர்க்கலாமாம். 'மூத்திரம்' என்ற சொல் மட்டும் வேண்டாமாம், 'அசுத்தம்' என்று போடச் சொன்னார்கள்.

அரைப்போத்தல்:
அந்த இரண்டாவது பந்தி வரட்டும், போடுகிறேன். முனியாண்டி சார்பில் இல்லை.