கருப்பைவாய்ப் புற்றுநோயில் சிறுநீர் அடைப்பு: முதுகுவழிக் குழாயைத் தவிர்க்க முடியுமா?

கேள்வி:
என் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் இருப்பது சென்ற மாதம் உறுதியானது. கதிர்வீச்சும் கீமோவும் தொடங்கவிருந்த வேளையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) 5.8 ஆக உயர்ந்துவிட்டது. இரு சிறுநீரகங்களும் வீங்கியிருப்பதாக ஸ்கேன் காட்டுகிறது. சிறுநீர்ப்பை வழியாக ஸ்டென்ட் (அடைபட்ட பாதையைத் திறந்து வைக்கும் மெல்லிய உள்குழாய்) வைக்க முயன்றபோது அதற்கு வழிகாட்டும் கம்பி மேலே ஏறவில்லை. இனி முதுகுவழியே சிறுநீரகத்துக்குள் குழாய் போட்டு, சிறுநீரை வெளியே ஒரு பையில் வடிக்க வேண்டும் என்கிறார்கள். "பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் எப்படி நிற்பேன்?" என்று அம்மா மறுக்கிறார். கதிர்வீச்சில் கட்டி சுருங்கினால் அடைப்பும் தானாக விலகிவிடாதா?

பதில் 1 (சிறுநீரக அறுவை மருத்துவர்):
விலகக்கூடும், ஆனால் கட்டி சுருங்க வாரக்கணக்கில் ஆகும், இந்த நிலையில் இருக்கும் சிறுநீரகம் அதுவரை தாங்காது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாய் கருப்பைவாயிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. தள்ளித்தான் செல்கிறது என்பதால், பக்கவாட்டில் பரவும் கட்டி அதை வெளியிலிருந்து நெரித்துவிடுகிறது. உள்ளே வைக்கும் ஸ்டென்ட் ஏறாமல் போவதும், ஏறினாலும் பின்னர் நசுங்கி அடைபடுவதும் இதனால்தான். கதிர்வீச்சுடன் வழக்கமாகக் கொடுக்கப்படும் கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், சிறுநீரகம் தேறாமல் அதைக் கொடுக்க முடியாது. எனவே குழாயைத் தள்ளிப்போட்டால் புற்றுநோய்ச் சிகிச்சையும் சேர்ந்தே தள்ளிப்போகும்.

பெரும்பாலும் நன்றாக இயங்கும் ஒரு சிறுநீரகத்தில் குழாய் போட்டாலே போதும். அடைப்பு நீங்கியதும் சில நாள்கள் சிறுநீர் லிட்டர் கணக்கில் கொட்டக்கூடும் என்பதால், உப்புச் சத்துகளை அடிக்கடி பரிசோதித்து, இழந்த நீரை ஈடுசெய்வார்கள். பிற்பாடு அதே துளை வழியாக மேலிருந்து கீழாக ஸ்டென்ட் இறக்க முடிந்தால் பையை எடுத்துவிடலாம். இடையில் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்க வேண்டாம். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடிப்பது உயிருக்கே ஆபத்து.

பதில் 2 (தாயைக் கவனித்துக்கொண்டவர்):
என் அம்மாவும் இதையேதான் சொன்னார். தளர்வான மேலாடைக்குள் காலோடு கட்டிக்கொள்ளும் பை வெளியே தெரியவில்லை என்று கண்ட பிறகே அவர் மனம் மாறியது. குழாயை நேராக விடாமல் ஒரு வளையமாகச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். புரண்டு படுக்கும்போது இழுபட்டால் அந்த வளையம்தான் முதலில் நகரும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். குழாய் கழன்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் துளை விரைவில் மூடிக்கொள்ளும். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டியிருக்கும்.

பதில் 3 (வலிதணிப்புச் செவிலியர்):
சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பி, வேறு வழி எதுவும் எஞ்சாத பெண்களுக்குக் குழாய் போடாமல் விடுவதும் ஏற்கத்தக்க முடிவுதான். உங்கள் அம்மாவுக்கு இன்னும் சிகிச்சையே தொடங்கவில்லை. இந்த வேறுபாட்டை அவரிடமே நேரடியாகச் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

கேட்டவர்:
மூன்று பதில்களையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வலப்பக்கம் படுத்தே தூங்கிப் பழகியவர் என்பதால், இடப்பக்கம் குழாய் போட இயலுமா என்று கேட்கிறார். நாளைக் காலை அவரே மருத்துவரிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.