பீசோ பேட்: குச்சியால் லேசாக அடித்தாலும் 127, ஓங்கி அடித்தாலும் 127

கேள்வி:
வீட்டிலேயே எலக்ட்ரானிக் டிரம்ஸ் செய்கிறேன். பிளைவுட் மேல் ரப்பர் ஷீட், பிளைவுட்டுக்கு அடியில் 27 மி.மீ. பீசோ (அதிர்வை மின்சாரமாக்கும் தகடு, பத்து ரூபாய் நாணயம் அளவு), அதன் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து நேராக ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி இயக்கும் சிறிய சர்க்யூட் போர்டு) போர்டின் அனலாக் பின் (வோல்டேஜை அளக்கும் முனை). விரல் நுனியால் தட்டினால் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எண்களைக் கம்ப்யூட்டரில் காட்டும் திரை) 400 வருகிறது, குச்சியால் லேசாக அடித்தாலே 1023, அப்புறம் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அதே 1023தான், மிடியில் (கம்ப்யூட்டருக்கு நோட்டையும் அடியின் பலத்தையும் அனுப்பும் முறை, பலத்தின் உச்சம் 127) குச்சி அடி எல்லாம் 127. இரண்டு வாரமாகக் கோடில் (புரோகிராமில்) மேப் வரியை, அதாவது 1023 வரையான அளவை 127-க்குள் சுருக்கும் வரியை, மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஸ்னேர் டிரம்மில் மெல்லிய அடிகளும் கேட்க வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன், யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
கோடை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஊனோவின் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) 10 பிட், 5 வோல்ட்டைத் தாண்டினால் அதற்கு எல்லாமே 1023. குச்சி அடிக்கு பீசோ இருபது வோல்ட்டுக்கு மேலும் தரும், மைனஸ் பக்கமும் போகும். உச்சி வெட்டுப்பட்ட பிறகு மேப்பால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முதலில் சிப்பைக் காப்பாற்றுங்கள்: பின்னுக்கு முன்னால் வரிசையில் 10 கிலோ ஓம், பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு ஷாட்கி டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் பாகம்), கிரவுண்டிலிருந்து பின்னுக்கு இன்னொன்று. 5.1 வோல்ட் சீனர் டயோடு (அந்த வோல்ட்டைத் தாண்டாமல் பிடித்துவைக்கும் பாகம்) போடச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் அது 5.1 வருவதற்கு முன்பே கசிய ஆரம்பித்துப் பலத்த அடிகளை நசுக்கிவிடும், எனக்கு அது பிடிக்காது.

பதில் 2:
டயோடு சிப்பைக் காக்கும், ஆனால் அளவைக் குறைக்காது. பீசோவுக்கு இணையாக ஒரு கெபாசிட்டர் போடுங்கள். பீசோ தருவது மின்னூட்டம், அதற்கே சுமார் 20 நானோ ஃபாரட் இருக்கும், நீங்கள் 100 நானோ சேர்த்தால் அதே மின்னூட்டம் 120-இல் பரவி வோல்டேஜ் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் 1 மெகா ஓமை அப்படியே விட்டால் மின்னூட்டம் வடிய நேரமாகும், 220 கிலோ ஓம் போடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா! 47 நானோவில் ஓங்கிய அடி இன்னும் 1023-இல் முட்டியது, 100 போட்டதும் விரலுக்கு 65, லேசான அடிக்கு 220, முழு அடிக்கு 900. முதல் தடவையாக மெல்ல அடித்தால் மெல்லக் கேட்கிறது. ஆனால் சில சமயம் ஒரே அடிக்கு இரண்டு சத்தம் வருகிறதே?

பதில் 1:
இப்போது கோடுக்கு வாருங்கள். அளவு 25-ஐத் தாண்டியதும் நோட்டை அனுப்பிவிடாமல் 2 மில்லி விநாடி படித்துக்கொண்டே இருந்து, அதில் வந்த உச்சத்தை அனுப்புங்கள், பிறகு 30 மில்லி விநாடி அந்தப் பேடைக் கவனிக்காதீர்கள். உருட்டி வாசிக்கும்போது அடிகள் விட்டுப்போனால் 30-ஐக் கொஞ்சம் குறைக்கலாம். பீசோவுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் டேப் வைத்தாலும் பின்னதிர்வு அடங்கும்.

கேட்டவர்:
25 மில்லி விநாடியில் நின்றது, இரட்டைச் சத்தம் போய்விட்டது. இனி ஹை-ஹேட் பேடுக்கும் இதையே போடுகிறேன்.